நகையை மறுபடி வைக்காதீர்கள், பையனுக்கு ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். கதை சொன்னால் வரி தவறாமல் திருப்பிச் சொல்வான்; அதே கதையைப் புத்தகத்தில் காட்டினால் அழுகிறான். வாசிப்பதில் திணறவைக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டு வருடமாக கைரேகை டெஸ்ட், மிட்பிரெயின் முகாம், கலர் கண்ணாடி, மூளைப்பயிற்சி மையம் என்று நகைக்கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டோம். இப்போது அதே மையத்தில் 18 மாதப் பேக்கேஜ், 1,80,000 ரூபாய். நகையின் மேல் இன்னும் வாங்கலாம் என்று ஃபைனான்ஸில் போன் செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பையனுக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்கிறார் நாத்தனார். என் தம்பி, பையன் பேரில் பாலிசி போடச் சொல்கிறான். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 58,000. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கடிதத்தோடு கணக்கு நோட்டின் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறீர்கள். வரவு செலவு எழுதும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, அதனால் சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கப்போவதில்லை. நோட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் என் பேனா நின்றது. நகைக்கடன் வட்டி, மாதம் 4,575 ரூபாய். அதற்கு எதிரே 'பையன் வைத்தியம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது வைத்தியச் செலவு இல்லை. இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

11 சவரனை வைத்து முதலில் 1,20,000 வாங்கினீர்கள், வீட்டு அட்வான்ஸுக்காக. தங்கம் விலை ஏறியதும் அதே நகைமேல் 90,000 கூட்டி வாங்கினீர்கள். கைரேகை டெஸ்ட், முகாம், கண்ணாடி, கம்ப்யூட்டர் விளையாட்டு என்று அது போயிற்று. அடுத்த வருடம் மறுபடி விலை ஏறியது, இன்னொரு 95,000 வாங்கி மையத்துக்குக் கட்டினீர்கள். ஆக 3,05,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. ஒவ்வொரு வருடமும் வட்டியை மட்டும் கட்டி ரசீதை மாற்றியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. விலை ஏறினால் நமக்குப் பணம் வந்ததாகத் தோன்றும். உண்மையில் ஏறுவது கடன்தான்.

இப்போது கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறப்பாசிரியர் இருக்கிறார், ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய் கேட்கிறார், 'அது கட்டுப்படியாகாது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மாதம் 4,000. நீங்கள் கட்டும் வட்டி 4,575. கட்டுப்படியாகாது என்று விட்ட ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டியதைவிட அதிகமாக ஃபைனான்ஸுக்கு மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

பேக்கேஜுக்கும் இதே கணக்கைப் போடலாம். 1,80,000-க்கு ஒன்றரை வட்டி மாதம் 2,700. 18 மாதத்துக்கு 48,600. ஆகச் செலவு 2,28,600, அதில் அசல் 1,80,000 அப்போதும் கடனாக அப்படியே நிற்கும். அதே 18 மாதத்துக்கு ஆசிரியருக்கு 72,000. மையமே மாதத் தவணை ஏற்பாடு செய்யும் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த மாதிரித் தவணையில் கடன் கொடுக்கும் கம்பெனி முழுப் பணத்தையும் மையத்துக்கு முதலிலேயே கட்டிவிடும். மூன்றாம் மாதம் பையன் போக மாட்டேன் என்றாலும் கடன் உங்கள் பேரில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பொறுமை போகிற இடம் இதுதான். விரல் ரேகையைப் பார்த்து மூளையைச் சொல்வதற்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் மிட்பிரெயின் வித்தைக்கும் அறிவியல் அடிப்படை கிடையாது. கலர் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-லேயே சேர்ந்து அறிக்கை வெளியிட்டுவிட்டன. டிஸ்லெக்சியாவில் சிக்கல் கண்ணில் இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைத்துப் பார்ப்பதில். ல, ள, ழ மூன்றையும் குழப்புகிறான், 'கெ' எழுதும்போது கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் போடுகிறான் என்றெல்லாம் நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஒலிக்கும் முன்பே கொம்பு வந்து நிற்கும் நம் எழுத்தில் இப்படிப்பட்ட பிள்ளை திணறுவது இயல்புதான். பார்த்து, சொல்லி, மணலில் விரலால் எழுதி, ஓர் எழுத்து படிந்த பிறகே அடுத்ததற்குப் போகும் பொறுமையான சொல்லித்தருதல் உதவும். அதைத்தான் நல்ல சிறப்பாசிரியர் செய்வார். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி தருகின்றன. நீங்கள் பார்த்த ஆசிரியர் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். 'பதினெட்டு மாதத்தில் குணம்' என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இது மருந்தில் போகும் நோய் இல்லை. சொல்லித்தரும் விதத்தை மாற்றினால் பிள்ளை வாசிப்பான், அதற்கு வருடங்கள் ஆகலாம்.

அடுத்தது நாத்தனாரின் முத்திரை. அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் இதுவரை 1,85,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். பள்ளியில் பார்த்தது ஒரு முதற்கட்டச் சோதனை மட்டும்தான், அதை வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவு சொல்ல முடியாது. கண், காது பரிசோதனை, அறிவுத்திறன் சோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை எல்லாம் முடித்து மருத்துவரும் உளவியல் நிபுணரும் சொல்ல வேண்டும். 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் 18 வயது வரை கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதற்கான இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, தனியார் பள்ளிப் பிள்ளைக்கு எப்படி என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. 8 வயது முடிந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும், உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. அந்தக் காகிதத்தை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. (அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் மற்ற வாசகர்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள், அங்கும் செலவில்லை.)

பாலிசி இப்போது வேண்டாம். ஒன்றரை வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு பிள்ளை பேரில் சேமிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. ஆனால் தம்பிக்கு அக்கறை இருக்கிறது, அவரிடம் வேறு உதவி கேளுங்கள். ஒரே ஒரு நாள் 3,05,000 கைமாற்று. காலையில் நகையை மீட்டு, மதியம் அரசு வங்கியில் வைத்தால் அன்றோ மறுநாளோ திருப்பிவிடலாம். வங்கியில் முன்கூட்டியே பேசி, தொகையையும் வட்டியையும் உறுதிசெய்துகொண்டு மீட்கப் போங்கள். வருடத்துக்கு ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி சுமார் 2,400-க்கு இறங்கும்.

20 மாதச் சீட்டில் 13 முடிந்துவிட்டது என்கிறீர்கள். அந்தப் பணத்தை மையத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தீர்கள். இந்த ஏலத்திலேயே எடுங்கள். தள்ளுபடி போக 90,000 வந்தாலும் முழுவதையும் அசலில் கட்டினால் பாக்கி 2,15,000, மாத வட்டி 1,700. இப்போது கட்டுவதைவிட 2,870 மிச்சம், அதையும் அசலுக்கே போடுங்கள். ஏழு மாதம் கழித்துச் சீட்டு முடிந்ததும், மாதாமாதம் சீட்டுக்குக் கட்டிவந்த 5,000-மும் சேரும். மூன்று வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், மீட்கும் நாளன்றே நாலு சவரனை விற்றுவிடுங்கள். இன்றைய விலைக்கு மொத்தக் கடனும் அடைந்துவிடும். அம்மா போட்ட நகை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன்.

ஃபைனான்ஸிலிருந்து மறுபடி போன் வந்தால், மேலே வாங்கப் போவதில்லை, மீட்கத்தான் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரியருக்காக இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாடகை, பள்ளி, மளிகை, வண்டித் தவணை, சீட்டு, வட்டி எல்லாம் போக உங்கள் நோட்டில் மாதம் 4,225 மிஞ்சுகிறது. சனி, ஞாயிறு இரண்டு வகுப்புக்கு அது போதும். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பணத்தை மாதாமாதம் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் வேண்டாம். முதல் நாள் பையனோடு நீங்களும் உட்கார்ந்து, அவர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்று பாருங்கள்.