கேழ்வரகுக் களிக்கு மாறியும் சர்க்கரை குறையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்து வருகிறேன். வேறு மருந்து இல்லை. அரிசிச் சோற்றை அறவே விட்டுவிட்டு, ஆறு மாதமாகக் காலையில் கேழ்வரகுக் கூழ், மதியமும் இரவும் களி என்று மாறிவிட்டேன். காபிக்குக்கூட வெல்லம்தான். ஆனாலும் வெறும் வயிற்றில் 148, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 251, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2 சதவீதம் என்று வந்திருக்கிறது. சோற்றை விட்டும் ஏன் குறையவில்லை? வரும் ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நீங்கள் அரிசியை முழுவதுமாக விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் களி எப்படிக் கிண்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால், நம் வட ஆற்காட்டுப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் முதலில் நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டித்தான் உருண்டை பிடிக்கிறார்கள். கூழிலும் நொய் சேர்வது வழக்கம். நொய் என்பது உடைந்த அரிசியே. ஆகவே, சோறாகத் தட்டில் விழாத அரிசி, களிக்குள்ளும் கூழுக்குள்ளும் இருந்து மூன்று வேளையும் உங்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

நொய்யே சேர்க்காமல் கிண்டினாலும் கணக்கு பெரிதாக மாறிவிடாது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78 கிராம். 75 கிராம் மாவும் 25 கிராம் நொய்யும் சேர்ந்த ஓர் உருண்டையில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து வருகிறது. இது ஏறத்தாழ கால் கிலோ வெந்த சோற்றுக்குச் சமம். சோறு என்றால் அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளும் பலர், களி என்றதும் சத்தான உணவுதானே என்று இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டுகிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட மிக அதிகம் என்பது உண்மை, அதற்காக அதை உண்பது நல்லதே. ஆயினும் தானியத்தை நைசாக அரைத்து, தண்ணீரில் குழையக் குழைய வேகவைக்கும்போது அதன் மாவுச்சத்து எளிதில் செரிக்கக்கூடிய நிலையை அடைந்து, குடலில் விரைவாகக் குளுக்கோஸாகிவிடுகிறது. மெல்ல வேண்டிய தேவையே இல்லாத கூழும் கஞ்சியும் இதில் இன்னும் ஒரு படி மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடளாவிய ஆய்வு ஒன்று 2025-இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய்க்கான அபாயம் குறையவில்லை என்றும் அது கூறுகிறது. உங்கள் பரிசோதனைச் சீட்டில் இருப்பதும் இதுதான்.

வெல்லத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். ஆற்காடு மக்கன் பேடாவைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெல்ல அதிரசத்தை நான்காகத் தின்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். காபியை இனிப்பில்லாமல் குடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

களியை விட வேண்டாம், குறையுங்கள். மதியம் மட்டும், நொய் சேர்க்காமல், இப்போதைய உருண்டையில் பாதி போதும். அந்தப் பாதி உருண்டையோடு எதைச் சேர்த்து உண்கிறீர்கள் என்பதில்தான் பெரிய மாற்றம் வர வேண்டும். வெறும் குழம்பைத் தொட்டு விழுங்காமல், ஒரு கிண்ணம் கீரைக் கடைசல் அல்லது முள்ளுக் கத்தரிக்காய், அவரைக்காய் போன்ற காய்கறி, அதனுடன் காராமணி, கொள்ளு, முட்டை, மீன் இவற்றில் ஒன்று என வைத்துக்கொண்டு, காயையும் புரதத்தையும் முதலில் உண்டுவிட்டுக் களியைக் கடைசியில் எடுத்தால், அதே களிக்குச் சர்க்கரை ஏறும் அளவு குறையும். காலைக் கூழுக்குப் பதிலாக முளைகட்டிய பயறோ, இரண்டு பச்சைப்பயறு அடையோ இருக்கட்டும். இடையில் பசித்தால் நம் ஊரில் பஞ்சமில்லாத வேர்க்கடலையை அவித்து ஒரு கைப்பிடி எடுக்கலாம். 30 கிராம் கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு, மாவுச்சத்து மிகக் குறைவு. எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் ஒரு கைப்பிடியைத் தாண்ட வேண்டாம். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு, படுப்பதற்கு முன் கால் மணி நேரமாவது தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் பருப்பு, புரத அளவை உங்கள் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

என் சொல்லை நம்புவதைவிட நீங்களே சோதித்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒரு நாள் வழக்கமான களியை உண்டு, முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இன்னொரு நாள் பாதிக் களியும் கீரையும் காராமணியும் உண்டு அதே நேரத்தில் பாருங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையிலும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும், மூன்று மாதச் சராசரி 7-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பதே இலக்கு.

வெறும் வயிற்றில் 148 இருப்பதற்கு உணவு மட்டும் காரணமில்லை. இரவில் கல்லீரல் தானே குளுக்கோஸை வெளியிடுவதால்தான் அது பெரும்பாலும் உயர்கிறது, மெட்ஃபார்மின் அங்குதான் வேலை செய்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் அளவு போதாமல் இருக்கலாம். எனவே, மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாமல், இம்மாதத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். அப்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம், விழித்திரைப் பரிசோதனை, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

ஆடிக் கிருத்திகை விரதத்தைப் பொறுத்தவரை, மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஒருபொழுது இருப்பதால் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழிறங்குவது அரிது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் உணவு எடுக்கும் வேளையில் எடுங்கள், தண்ணீரும் மோரும் தாராளமாகக் குடியுங்கள். மாலையில் விரதம் விடும்போது சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் ஒன்றாக வயிற்றில் இறங்குவதுதான் உங்களுக்கு உண்மையான தொல்லை. அதற்குள் மருத்துவர், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமெபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ சேர்த்திருந்தால் நிலைமை வேறு: அவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. அப்படி மருந்து எடுக்கும் நாட்களில் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தாலோ அளவு 70-க்குக் கீழே போனாலோ, வள்ளிமலைப் படிக்கட்டில் இருந்தாலும் விரதத்தை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.