ஸ்கேனில் தெரியவில்லை என்றால் பாராதைராய்டு நோய் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. உடம்பு வலி, மலச்சிக்கல், எந்நேரமும் அசதி. மூட்டு வலிக்காகக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். சமீபத்திய ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 11.6, பி.டி.எச். (பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன்) 142, வைட்டமின் டி 14, கிரியேட்டினின் 0.9. பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது, ஆபரேஷன் தேவைப்படும் என்கிறார் டாக்டர். ஆனால் கழுத்து அல்ட்ராசவுண்டிலும் செஸ்டமிபி ஸ்கேனிலும் (பாராதைராய்டைத் தேடும் அணு ஸ்கேன்) ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? மாத்திரையில் சரியாகாதா? பால், தயிரை நிறுத்திவிடலாமா?

பதில்: அந்த ஸ்கேனை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அம்மாவின் நோயை அவருடைய ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டது.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. பெயர் ஒத்துப்போனாலும் தைராய்டு ஹார்மோனுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பி.டி.எச். சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். கால்சியம் கூடினால் சுரப்பு அடங்கிவிட வேண்டும். அம்மாவுக்குக் கால்சியம் உச்ச வரம்பான 10.5ஐத் தாண்டிய பிறகும் பி.டி.எச். அடங்கவில்லை, வழக்கமான உச்ச அளவான 65ஐப் போல இரு மடங்குக்கு மேல் நிற்கிறது. கால்சியம் 11.6 இருக்கும்போது பி.டி.எச். 50 என்று வந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். லேப் ரிப்போர்ட்டில் அது 'நார்மல்' என்றுதான் அச்சாகும். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காததால் வருடக்கணக்கில் கல்லுக்கும் எலும்பு வலிக்கும் மட்டும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வைட்டமின் டி குறைந்தாலும் பி.டி.எச். கூடும், உண்மை. ஆனால் அந்தக் குறை மட்டும் இருந்தால் கால்சியம் இப்படி ஏறாது. சிறுநீரகம் பழுதானாலும் பி.டி.எச். கூடலாம், அம்மாவின் கிரியேட்டினின் 0.9 என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆபரேஷனுக்கு முன் சில விஷயங்களை உறுதிசெய்யுங்கள். கால்சியத்தை ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அட்டையைப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரையும், மனநோய்க்குத் தரும் லித்தியமும் கால்சியத்தை ஏற்றும். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதும் முக்கியம். பரம்பரையாகக் கால்சியம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் ஒரு நிலையில் சிறுநீரில் அது மிகக் குறைவாக வரும். அவர்களுக்கு ஆபரேஷனால் பயனில்லை. எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா என்ற ஸ்கேன் எடுக்கும்போது இடுப்பு, முதுகெலும்போடு முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் அதிகம் அரிப்பது அங்கேதான், பல இடங்களில் அதை எடுப்பதே இல்லை.

இனி ஸ்கேன். எந்தச் சுரப்பி வீங்கியிருக்கிறது, கத்தியை எங்கே வைப்பது என்று சர்ஜனுக்குக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. நூற்றில் சுமார் 80 முதல் 85 பேருக்கு ஒரே ஒரு சுரப்பியில் சாதாரணக் கட்டி இருக்கும். புற்றுநோய் மிக அபூர்வம். கட்டி சிறியதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் வீங்கியிருந்தாலோ ஸ்கேனில் படாமல் போகும். சிலருக்கு அது மார்புக்குள்ளேயே இருக்கும். சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனுக்கு ஆறு ஆபரேஷன்களில் தேடியும் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவது முறை மார்புக்குள் கிடைத்தது. இன்று 4டி சி.டி., கோலின் பெட் ஸ்கேன் போன்றவை உதவுகின்றன. அவற்றிலும் தெரியாவிட்டால், அனுபவமுள்ள சர்ஜன் நான்கு சுரப்பிகளையும் நேரில் பார்த்து முடிவு செய்வார். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் ஹார்மோன். கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கினால், சரியானதைத்தான் எடுத்திருக்கிறோம் என்று ஆபரேஷன் தியேட்டரிலேயே தெரிந்துவிடும்.

சிறுநீரகக் கல் வந்திருப்பதே ஆபரேஷனுக்குப் போதுமான காரணம். இதை அடிக்கடி செய்யும் சர்ஜனிடம் போனால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். குரல் நரம்பில் காயம் படும் ஆபத்து சிறிதளவு உண்டு. அதனால்தான் அனுபவத்தை வலியுறுத்துகிறேன். சினகால்செட் மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும், எலும்பைப் பலப்படுத்தாது. அலெண்ட்ரோனேட் எலும்பைக் காக்கும், சுரப்பியைத் தொடாது. ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கு இவை கைகொடுக்கும். அம்மாவுக்கு நான் ஆபரேஷனையே சொல்வேன்.

பாலும் தயிரும் வழக்கம்போல இருக்கட்டும். கால்சியத்தை உணவில் அடியோடு குறைத்தால் சுரப்பி இன்னும் முடுக்கிவிடப்படும். கால்சியம் மாத்திரையை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வைட்டமின் டி குறையைச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் அளவான டோஸில், கால்சியத்தைக் கண்காணித்தபடி. 60,000 யூனிட் பாக்கெட்டை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் என்று ஏதாவது தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும், காய்ந்து கிடந்த எலும்புகள் கால்சியத்தை வேகமாக உறிஞ்சும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள். அப்போது அதே கால்சியம் மாத்திரை தேவைப்படும். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியான அளவில் நின்றால்தான் குணமானதாகக் கணக்கு. அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.