பிள்ளைகளோடு தவக்காலம்: எவ்வளவு போதும்?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. போன தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) 40 நாளுக்கு 40 நற்செயல் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டாம் வாரத்திலேயே நின்றுபோனது. மகன் இனிப்பைத் தொடமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் ஒளித்துத் தின்றுவிட்டு, "இயேசு என்மேல கோபமா இருப்பாரா?" என்று ராத்திரி அழுதான். மகளோ இயேசு சிலுவை சுமந்து போவதைக் காட்டும் சிலுவைப் பாதைப் படங்களைப் பார்த்துப் பயந்து, கோயிலுக்கே வரமாட்டேன் என்கிறாள். "நாங்களெல்லாம் அந்த வயசிலேயே ஒரு வேளைச் சாப்பாட்டோடு உபவாசம் இருந்தோம்" என்கிறார் மாமியார். "சின்னப் பிள்ளைங்க, விட்டுடு" என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அட்டவணை இனி வேண்டாம் சகோதரி. நாற்பது நாளைக்கு நாற்பது புது வேலை என்றால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வாசிக்கிற மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு பேசுவது மூன்றே விஷயம்: தர்மம், ஜெபம், நோன்பு. வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பழக்கம் இருந்தால் போதும். தினமும் அதையே செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் புதுமையைவிட, நேற்று செய்ததையே இன்றும் செய்வதுதான் பிடிக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் ஏழு வயது நிரம்பிய பிள்ளைக்கே சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, கடமையாக இருந்தது. ஆனால் உபவாசம் அப்போதும் 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான். 1966-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் இந்த விதிகளைத் தளர்த்தினார். இப்போது நடப்பிலுள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயதிலிருந்தும் உபவாசம் 18 வயதிலிருந்தும் தொடங்குகின்றன. ஆக, உங்கள் பிள்ளைகள் இரண்டுக்குமே கடமைப்பட்டவர்கள் அல்ல. அதற்காக உங்கள் கணவர் முழுதாக ஜெயித்துவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். வயது வராத பிள்ளைகளுக்கும் தவத்தின் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அதே சட்டம் குருக்கள்மீதும் பெற்றோர்மீதும் வைக்கிறது. பட்டினி போடச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. இதை நீங்கள் போய்ச் சொன்னால் மாமியாருக்கு வருத்தமாக இருக்கலாம், உங்கள் கணவரே தன் அம்மாவிடம் பேசட்டும்.

உங்கள் மகன் அழுததைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது வயதில் அப்படி ஒரு கேள்வி கேட்கிற பிள்ளைக்கு மனசாட்சி நன்றாகவே விழித்திருக்கிறது; அதைப் பயத்தால் நிரப்பிவிடக்கூடாது. இனிப்பு தின்பது பாவமில்லை, அவன் கடவுளுக்கு ஒரு பரிசு தருவதாகச் சொல்லியிருந்தான், ஒருநாள் தர முடியவில்லை, நாளைக்குத் தரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "கோபமெல்லாம் இல்லடா" என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டால் பாதிதான் சொன்னதாகும். விழுந்தால் எழுந்து நடக்கலாம் என்பதை அவன் கற்றுக்கொள்ள இது நல்ல சமயம். சிலுவைப் பாதையில் இயேசு மூன்று முறை விழுவதை அவனுக்கு நினைவுபடுத்தினால் சட்டென்று புரிந்துகொள்வான்.

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கும் அதே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் மருந்து இருக்கிறது. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவு, வெளியே தெரிய வேண்டாம் என்கிறார் இயேசு. "இந்த வருஷம் நீ எதை விடுறேன்னு யாருக்கும் சொல்லாதே, எனக்கும் வேண்டாம்" என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். ரகசியம் என்றால் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். அப்புறம், ஞாயிறுகளை விட்டுவிடுங்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று அவன் இனிப்புச் சாப்பிடலாம். அவன் ஏதோ ஒன்றை விடும்போது வீட்டுப் பெரியவர்களும் ஒன்றை விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சாப்பாட்டு மேசையில் அம்மா அப்பா கையில் போன் இல்லாமல் இருப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய தவமாகத் தெரியும்.

மகள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஒரு மனிதரை அடிக்கிறார்கள், ஆணி அறைகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துப் பயப்படத்தான் செய்யும். அவளுக்குப் பதினான்கு நிலைகளும் வேண்டாம். யாராவது உதவுகிற, அன்பு காட்டுகிற நிலைகளை மட்டும் எடுங்கள்: நான்காவதில் இயேசுவின் அம்மா வருகிறார், ஐந்தாவதில் சீமோன் சிலுவையைத் தூக்க உதவுகிறார், ஆறாவதில் வெரோனிக்கா முகத்தைத் துடைக்கிறார். (வெரோனிக்கா பைபிளில் இல்லை, மரபில் வருகிறவர். மகன் என்றைக்காவது கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள்.) கதையை எந்த நாள் சொன்னாலும் வெள்ளிக்கிழமையோடு நிறுத்தாமல், கல்லறை காலியாக இருந்தது வரை சொல்லி முடித்துவிட்டுத் தூங்க வையுங்கள். "வலிச்சுதா?" என்று கேட்டால் ஆமாம், வலித்தது என்றே சொல்லுங்கள். "நீ சேட்டை செய்றதாலதான் இயேசுவுக்கு ஆணி அடிச்சாங்க" என்று மட்டும் விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்ல விடாதீர்கள். பாட்டியானாலும் சரி.

அவள் தானே செய்ய ஒன்று வேண்டுமென்றால் இதைச் செய்யலாம். தவக்காலத் திருப்பலிகளில் அல்லேலூயா பாடுவதில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு தாளில் அல்லேலூயா என்று எழுதி, அவளை வண்ணம் தீட்ட வைத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஈஸ்டர் காலையில் அவளே திறக்கட்டும். நடுவில் பத்துத் தடவை திறந்து பார்ப்பாள், கண்டுகொள்ளாதீர்கள்.

ஜெபத்துக்கு அதிகம் வேண்டாம்: ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, வேறு ஒருவருக்காக ஒரு வேண்டுதல். தர்மத்துக்கு ஒரு உண்டியல். அது யாருக்குப் போகப்போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். யாருக்கென்று தெரியாமல் காசு போடும் பிள்ளைக்குச் சேமிப்புதான் பழகும்.

கணவரை ஒதுங்கி இருக்க விடாதீர்கள். பெரிய வியாழனன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்கைப் பிள்ளைகள் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அன்று மாலை வீட்டில் ஒரு பாத்திரமும் துண்டும் எடுத்து வைத்து, யோவான் 13-ஆம் அதிகாரத்தை நீங்கள் வாசிக்க, அவர் பிள்ளைகளின் காலைக் கழுவட்டும். தன் அம்மாவின் காலையும்தான். சிரிப்பும் கூச்சமுமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நாற்பது நாள் அவ்வளவு பாடுபட்டுவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு மதியத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். ஈஸ்டரில் தொடங்கும் பாஸ்கா காலம் பெந்தெகொஸ்தே திருநாள் வரை 50 நாள், தவக்காலத்தைவிட நீளம். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, பெந்தெகொஸ்தே மே 16. துக்கத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்து, மகிழ்ச்சிக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அந்த ஏழு வாரமும் ராத்திரி ஜெபத்தை ஒரு பாட்டோடு முடியுங்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடம் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த பழைய ஈஸ்டர் பாட்டு ஒன்றாவது இருக்கும்.