ஓடையை மறித்தவர் மீது மனு போடும் முன் உங்கள் தென்னை நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: பண்ருட்டி வட்டத்தில் அப்பா வழியில் வந்த இரண்டரை ஏக்கர் எனக்கு இருக்கிறது. மேற்கு ஓரமாக ஓர் ஓடை ஓடிக் கெடிலத்தில் சேர்கிறது. எனக்குக் கீழே உள்ள நிலத்தைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கி, கிராவல் கொட்டி மேடாக்கி, ஓடையை அடைத்தபடி சுற்றுச்சுவர் எழுப்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர் போக இரண்டு சிமெண்ட் குழாய் மட்டும் போட்டிருக்கிறார். மனை பிரித்து விற்கப் போகிறாராம். ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் ஏறி நின்று என் மரவள்ளி முழுக்க அழுகிவிட்டது. மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓடைக்கரையில் அப்பா வைத்த தென்னைகளும் நாலு சாய்ந்துவிட்டன. கேட்கப் போனால் அவருடைய ஆட்கள் என் மனைவி முன்னாலேயே கேவலமாகப் பேசினார்கள். விஏஓ அவர் பக்கம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு பலமுறை கொடுத்தும் பதில் இல்லை. ஓடையிலிருந்து 15 மீட்டர் விட்டுத்தான் கட்ட வேண்டுமாமே? ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா, பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா? ஜேசிபி வைத்து நாமே சுவரை இடித்துவிடலாம் என்கிறான் என் மகன்.

பதில்: கேவலமாகப் பேசியது, விஏஓ யார் பக்கம், மனுவுக்குப் பதில் வராதது எல்லாம் அப்படியே உண்மையாக இருக்கட்டும். வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: சுவரும் குழாயும் இருக்கும் இடம் ஓடைப் புறம்போக்கா, அவருடைய பட்டா நிலமா? கடிதத்தில் அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம், யார் பெயரில் என்று காட்டும் 'ஏ' பதிவேட்டையும், நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் எஃப்எம்பி வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ஓடைக்குத் தனி சர்வே எண் கொடுத்து ஓடைப் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டியது அவர் கடமை. அப்படித் தனி எண் இல்லாமல் பட்டா எண்ணுக்குள்ளேயே ஓடை ஓடுகிறது என்றால் தாசில்தாரிடம் எத்தனை மனு கொடுத்தும் பயன் இல்லை. அதற்காக நீங்கள் கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் இல்லை. இயற்கையான ஓடையில் வரும் தண்ணீரை மறித்து மேல் நிலத்துக்காரர் மீது திருப்பிவிட யாருக்கும் உரிமை இல்லை. தன் சொந்தப் பட்டாவில் சுவர் கட்டியவருக்கும் இது பொருந்தும். 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டத்தின் 7ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆனால் அது சிவில் கோர்ட் வழக்கு. சாட்சி, இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனர், நஷ்டக் கணக்கு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

15 மீட்டர் என்று நீங்கள் கேள்விப்பட்டது கட்டட அனுமதி சம்பந்தப்பட்டது. அனுமதி கொடுக்கும் அதிகாரி பார்க்க வேண்டிய விஷயம் அது. கரையை ஒட்டிய பட்டா நிலம் அதனால் அரசு நிலமாகிவிடாது. சுவரை இடிக்கும் உரிமை உங்களுக்கும் வந்துவிடாது. பலர் இதை நம்பியே வழக்கைக் கட்டித் தோற்கிறார்கள். பெங்களூரு ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காலியாக விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் உத்தரவு போட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாஸ்டர் பிளானில் (நகர வளர்ச்சித் திட்டத்தில்) உள்ள அளவைத் தாண்டித் தீர்ப்பாயம் தானாக ஓர் அளவு வைக்க முடியாது என்பது காரணம். தனியார் நிலத்தில் கரை இடைவெளி கேட்பவர்கள் அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பாயத்துக்கு நீங்கள் போவதில் இன்னொரு தடையும் இருக்கிறது. விவகாரம் தொடங்கி 6 மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரைதான் தாமதத்தை மன்னிப்பார்கள். சுவர் எழும்பி ஒரு வருடம் தாண்டிவிட்டது என்கிறீர்கள். நஷ்ட ஈடு கேட்க மட்டும் 5 வருட அவகாசம் உண்டு. தீர்ப்பாயத்தின் வாசலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். 'மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓடைக்கரையில் அப்பா வைத்த தென்னைகள்.' அந்தத் தென்னைகள் எந்த சர்வே எண்ணில் நிற்கின்றன? கொட்டகை எந்த எண்ணில்? கிணறு? கொட்டகை இருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கிரயப் பத்திரம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

இந்தப் பக்கத்தில் பழைய நிலங்களில் ஓடைப் புறம்போக்கைத் தொடாத பட்டாதாரரைப் பார்ப்பது அரிது. அப்பா காலத்தில் ஓடை ஒதுங்கிய இடத்தில் வரப்பை நாலடி தள்ளிப் போட்டிருப்பார். அங்கே தென்னை வைத்திருப்பார். பிறகு அந்த நிழலில் கொட்டகை வந்திருக்கும். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் சர்வேயர் சங்கிலி போடும்போது அது புறம்போக்கில் நிற்கும் ஆக்கிரமிப்பு, அவ்வளவுதான்.

நான் கண்ட பல வழக்குகள் போகும் வழி இது. பக்கத்து நிலத்துக்காரர் ஓடையை மறித்தார் என்று ரிட், அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவு போடக் கேட்கும் மனு, போடுவார்கள். ஹைகோர்ட் பெரும்பாலும் நேரடியாகச் சுவரை இடிக்கச் சொல்லாது. எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்து, அளந்து, ஆக்கிரமிப்பு இருந்தால் இத்தனை வாரத்துக்குள் அகற்றுங்கள் என்று தாசில்தாருக்கு உத்தரவு போடும். மனுதாரருக்குச் சந்தோஷம். சர்வேயர் வந்து எதிராளியின் சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போக மாட்டார், ஓடையை நீளவாக்கில் முழுக்க அளப்பார். எதிராளியின் வக்கீல் உங்கள் கொட்டகையைப் போட்டோ எடுத்து முதலிலேயே கோர்ட்டில் போட்டிருப்பார். நோட்டீஸ் இரண்டு பேருக்கும் வரும். சென்னைக்காரர் அப்பீல் போவார், ஸ்டே கேட்பார், அதற்குப் பணம் வைத்திருக்கிறார். மனுதாரரின் கொட்டகை அந்த வாரத்திலேயே போய்விடும். இலவச மின் இணைப்பு அந்தக் கிணற்றுக்குக் கொடுத்தது. கிணறே புறம்போக்கில் என்றால் இணைப்பை வேறு இடத்துக்கு மாற்ற மின்வாரியத்துக்கு நடக்க வேண்டும். அதுவரை பயிருக்குத் தண்ணீர் எங்கே?

அந்தக் கட்டத்தில் வந்து, மனுவை வாபஸ் வாங்கினால் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். நிற்காது. நீர்நிலையில் ஆக்கிரமிப்பு இருக்கிறது என்று அரசுக்குத் தெரிந்த பிறகு அது உங்கள் வழக்கு இல்லை, அரசின் வழக்கு. முப்பது வருடமாக அனுபவிக்கிறோம் என்ற வாதமும் எடுபடாது. நீண்ட காலம் வைத்திருந்தது, நிறையச் செலவு செய்து கட்டியது, அரசியல் செல்வாக்கு எதுவும் பொது நிலத்தைப் பிடித்ததை நியாயப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது பஞ்சாபில் ஒரு கிராமக் குளம் பற்றிய வழக்கு. இங்கே ஓடைக்கும் ஏரிக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்தக் கண்டிப்பு சரி என்பதுதான் என் கருத்து. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனதைப் பண்ருட்டிக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கு அதன் அகலம் முழுக்க வேண்டும். உங்களுக்குச் சொல்வதும் அதையே: அவர் விட வேண்டிய இடத்தை நீங்களும் விட வேண்டியிருக்கும்.

ஆகவே அடுத்த திங்கட்கிழமை மனு எழுத வேண்டாம். ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எஃப்எம்பியை வைத்து உங்கள் பக்கத்தை முதலில் அளந்துவிடுங்கள். யூடிஆர் எனும் நிலப் பதிவேடு திருத்தத்தின் சமயத்தில் அளவுகள் மாறிய ஊர்கள் நிறைய உண்டு, அதனால் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தென்னையோ கொட்டகையோ உள்ளே இருந்தால் நோட்டீஸ் வரும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள், போட்டோவோடு. அதன் பிறகு தாசில்தார் முன் நிற்கும்போது உங்கள் மீது கைநீட்ட யாருக்கும் வழி இல்லை. கிணறு உள்ளே இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

அப்புறம், வெளிப்படையாகவே சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். மனை போடுகிறவருக்கு உங்களைவிட அவசரம் அதிகம். லேஅவுட் அனுமதி கேட்கும்போது ஓடையை ஒட்டிய நிலத்துக்கு வெள்ளம் சம்பந்தமாக நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அனுமதி இல்லாத மனையைப் பத்திரப் பதிவு செய்ய முடியாது. ஓடை விஷயம் தகராறில் இருக்கும்வரை அவர் பணம் முடங்கிக் கிடக்கும். குழாயை எடுத்துவிட்டு எஃப்எம்பியில் உள்ள அகலத்துக்குத் திறந்த ஓடையாக விடுவது, சுவரை ஓடை எல்லைக்கு வெளியே நகர்த்துவது, அழுகிய மரவள்ளிக்கு ஒரு நியாயமான தொகை. இந்த மூன்றையும் கேளுங்கள். கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசலாம். கோர்ட் ஃபீஸ் கிடையாது, அங்கே எழுதிய தீர்வுக்குக் கோர்ட் டிகிரியின் (தீர்ப்பாணையின்) பலம் உண்டு.

எழுதும்போது மட்டும் கவனம். 'ஓடையில் இவ்வளவு நீ வைத்துக்கொள், இவ்வளவு நான் வைத்துக்கொள்கிறேன்' என்று ஊர்ப் பெரியவர்கள் முன் பத்திரம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அரசு நிலத்தைப் பங்கு போட உங்கள் இருவருக்கும் அதிகாரம் இல்லை, அந்தக் காகிதம் செல்லாது. அதோடு, புறம்போக்கில் இருக்கிறோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலமாக அது எப்போது வேண்டுமானாலும் தாசில்தார் மேசைக்குப் போகும்.

அவர் எதற்கும் இறங்கவில்லை என்றால் பண்ருட்டி முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்கு. ஓடை புறம்போக்காக இருந்து அரசையும் சேர்ப்பதென்றால் இரண்டு மாத நோட்டீஸ் முதலில் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் அட்வகேட் கமிஷனர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நோட்டீஸ் வெயில் காலத்திலேயே போயிருக்க வேண்டும். தாமதம் இந்த வழக்கில் உங்களைத்தான் பாதிக்கும். சுவர் எழும்பும்போது பார்த்துக்கொண்டு இருந்தீர்களே என்று கோர்ட் கேட்கும்.

உங்கள் மகனைத் தடுத்து நிறுத்துங்கள். ஜேசிபி போனால் மறுநாள் காலையில் வழக்கு உங்கள் வீட்டு மீதுதான். சுவரை இடித்ததற்கு ஒரு வழக்கு, உடைப்பில் தண்ணீர் பாய்ந்து கீழே யாருடைய வயலாவது மூழ்கினால் ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 326ஆவது பிரிவில் இன்னொன்று. அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அதன் பிறகு சமாதானம் பேச அவருக்கு எந்தத் தேவையும் இருக்காது.