ஆய்வுத் தரவைக் கூட்டத்தில் காட்ட வரைபுகளை எப்படி வடிவமைப்பது?

மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் எடுத்த குடிநீர்த் தரவை ஒரே வட்ட வரைபாகப் போட்டேன், கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வட்டத்தைத் தூக்கிவிடுங்கள். 14 துண்டுக்கு 14 நிறம் என்றால், துண்டுக்கும் ஓரத்து விளக்கத்துக்குமாகப் பார்த்துப் பார்த்தே சனம் களைத்துவிடும். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் சலாகைகளை (bar) ஒப்பிடும்போது கண் குறைவாகப் பிழை விடுகிறது. கோணத்தை மதிப்பிடும்போது கூடுதலாக விடுகிறது.

ஆகவே சலாகை வரைபு. அதுவும் படுக்கையாக. 'மண்முனை தென் எருவில் பற்று' என்ற பெயரை நிமிர்ந்த சலாகைக்குக் கீழே எழுதிப் பாருங்கள், எக்செல் அதைச் சரித்துவிடும், வாசிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். படுக்கையாகப் போட்டால் எந்த நீளப் பெயரும் அடங்கும். அகர வரிசை வேண்டாம், கூடியது மேலே, குறைந்தது கீழே. சலாகை பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும்.

எண்ணிக்கையையும் வீதத்தையும் குழப்பாதீர்கள். வெறும் எண்ணிக்கை போட்டால் சனம் கூடிய மண்முனை வடக்கு எதிலும் மேலே வந்து நிற்கும். அதில் புதுச் செய்தி ஒன்றுமில்லை. நூறு குடும்பத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.

நிறம் இரண்டு போதும்: வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரைக்கு ஒன்று, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு ஒன்று. நம் ஆட்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பிரிப்பு என்பதால் விளக்கமே தேவைப்படாது. ஏறாவூர்ப்பற்று போல இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் பிரிவை எங்கே சேர்த்தீர்கள் என்று மட்டும் அடியில் ஒரு வரி எழுதுங்கள். கூட்டத்தில் கொடுப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பி. அதனால் ஒன்று கடும் நிறம், மற்றது வெளிறிய நிறமாக இருக்கட்டும். சிவப்பு–பச்சைச் சோடி வேண்டவே வேண்டாம், அதைப் பிரித்தறிய முடியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள்.

தலைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பிரதேசவாரியாகக் குடிநீர் நிலை' என்பது கோப்புக்குப் பெயர், வரைபுக்கு அல்ல. 'வரட்சியில் பவுசர் தண்ணீரை நம்பும் குடும்பங்கள் படுவான்கரையிலேயே அதிகம்' என்று, உங்கள் தரவு அப்படிச் சொன்னால், முழு வசனமாக எழுதுங்கள். எழுத வசனம் வரவில்லையா? அப்போ அந்த வரைபு இன்னும் தயாராகவில்லை.

மாவட்டப் படத்துக்கு நிறம் தீட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். காத்தான்குடி சில சதுர கிலோமீட்டர்தான், நெருக்கமான சனம்; படத்தில் புள்ளியாகிவிடும். காடும் வயலுமான பெரிய பிரிவுகள்தான் கண்ணை நிரப்பும். எங்கே என்பதே கேள்வியாக இருந்தால் ஒழிய வரைபே போதும்.

இன்னொன்று, மழையையும் டெங்கையும் ஒரே வரைபில் இடமும் வலமும் இரண்டு அச்சாகப் போடுவது. மாரி மழையோடு டெங்கு கூடுவது இங்கே தெரிந்த விசயம்தான். ஆனால் அச்சை இழுத்துச் சுருக்கினால் எந்த இரண்டு கோட்டையும் ஒட்ட வைக்கலாம். மேலே மழை, கீழே டெங்கு, இரண்டுக்கும் ஒரே வார அச்சு என்று தனித்தனியாகப் போட்டால், மழைக்கு எத்தனை வாரம் கழித்து நோய் ஏறுகிறது என்பதும் தெரியும்.

கடைசியாக எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஊர்ப் பெயர்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் பிரதியும் கொண்டு போங்கள். பைதன் நிரல்மொழியில் வரைந்தால் கொம்பு இடம் மாறி வரக்கூடும். நான் வரைபை மட்டும் அங்கே எடுத்து, பெயர்களைப் பவர்பொயின்டில் சேர்த்துக்கொள்வேன்.