கணவர் போட்ட ஜாமீன் கையெழுத்து: கடை வாடகை பாக்கியை மனைவி கட்ட வேண்டுமா?

கேள்வி: என் கணவர், தன் நண்பர் எடுத்த கடைக்கு 5 வருட வாடகை ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தார். அவர் இறந்து 8 மாதம் ஆகிறது. மாத வாடகை 60,000 ரூபாய், 12 மாத பாக்கி. நண்பர் போனை எடுப்பதில்லை, கடையையும் காலி செய்யவில்லை. 6 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கட்டட உரிமையாளரிடம்தான் இருக்கிறது. இப்போது 7,20,000 ரூபாய் கேட்டு எனக்கும் மகளுக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் பள்ளி ஆசிரியை. என் சம்பளத்தையும், நான் லோன் போட்டு வாங்கிய வீட்டையும் எடுத்துக்கொள்வார்களா? - மதுரை வாசகி

பதில்: அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் ஜாமீன்தாரராகக் கையெழுத்து போடவில்லை என்றால், உங்கள் சம்பளத்திலும் உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டிலும் அவர்களால் கை வைக்க முடியாது. சாட்சியாக மட்டும் கையெழுத்து போட்டிருந்தாலும் பரவாயில்லை, சாட்சிக்குக் கடன் பொறுப்பு கிடையாது. மனைவி என்ற உறவு ஒன்றை வைத்து மட்டும் கணவரின் கடன் உங்கள் கடனாகிவிடாது. மகள் விஷயமும் இதேதான். அப்பன் கடனைப் பிள்ளைதான் அடைக்கணும் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளைகள்மீது பாயும் வழியை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அடைத்துவிட்டது.

ஆனால் கடன் அவரோடு போய்விடவும் இல்லை. அவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் அது நிற்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகளின்படி, இறந்தவரின் சொத்தில் எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. அவர் பேரில் 2 லட்சம் ரூபாய் டெபாசிட் மட்டும் இருந்து அது உங்களுக்கு வந்திருந்தால், பாக்கி 20 லட்சமே ஆனாலும் அந்த 2 லட்சத்தைத் தாண்டி உங்களிடம் கேட்க முடியாது. உங்கள் மாமியார் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு, அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கின் அளவுக்கு அவரையும் வழக்கில் சேர்க்கலாம். வருங்கால வைப்பு நிதிப் பணம் நாமினிக்கு வந்திருந்தால் அதில் இறந்தவரின் கடன் ஒட்டாது. மனைவி, பிள்ளைகள் நலனுக்காக 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த காப்பீட்டுப் பணமும் அவர் சொத்துக் கணக்கில் சேராது.

அடுத்தது அவர் இறந்த தேதி. உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், நோட்டீஸில் கவனமாக விழுங்கியிருப்பதும் இதைத்தான். 12 மாத பாக்கியில் 4 மாதம் (2,40,000 ரூபாய்) அவர் உயிரோடு இருந்தபோது சேர்ந்தது. மீதி 8 மாதம் (4,80,000 ரூபாய்) அவர் போன பிறகு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 131-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குக் கொடுத்த உத்தரவாதம், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், ஜாமீன்தாரர் இறந்ததும் அதற்குப் பிந்தைய விவகாரங்களுக்குச் செல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதற்கு இரண்டு பதில் வைத்திருப்பார். ஒன்று, 5 வருட வாடகை என்பது ஆரம்பத்திலேயே முடிந்துபோன ஒரே ஒப்பந்தம், மாதாமாதம் புதிதாக நடப்பது அல்ல, ஆகவே 131 பொருந்தாது என்பார். இரண்டு, "என் மறைவுக்குப் பின்னும் இந்த உத்தரவாதம் தொடரும்" என்ற மாதிரி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் காட்டுவார். அதனால்தான் ஒப்பந்த நகலை வாங்கி வரி வரியாகப் படிக்காமல் யாரிடமும் எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "என் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது அவர் சொத்தைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் சொத்தை அடகு வைத்து எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது.

அந்த 6 லட்சம் அட்வான்ஸைப் பற்றி நோட்டீஸில் பேச்சே இல்லை போலிருக்கிறது. கடன் கொடுத்தவர் கையில் இருக்கும் பிணையின் பலனைக் கேட்க ஜாமீன்தாரருக்கு அதே ஒப்பந்தச் சட்டத்தின் 141-வது பிரிவில் உரிமை உண்டு. கழித்துப் பார்த்தால் மொத்தமே 1,20,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது. கடையைக் காலி செய்யும்போதுதான் அட்வான்ஸ் கணக்கு என்று கட்டட உரிமையாளர் சொல்வார், சொல்லட்டும், உங்கள் பதிலில் இது எழுத்தாக இருக்க வேண்டும். "முதலில் நண்பரிடம் கேளுங்கள்" என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 128-வது பிரிவுப்படி கடன் கட்ட வேண்டியவரும் ஜாமீன்தாரரும் ஒரே அளவு பொறுப்பு, நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் பதில் போடுங்கள்: இறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல், அந்தத் தேதியோடு உத்தரவாதம் முடிந்தது என்ற அறிவிப்பு, ஒப்பந்த நகலும் மாதவாரி வாடகைக் கணக்கும் வேண்டும் என்ற கோரிக்கை, பொறுப்பு அவர் சொத்து அளவுக்கு மட்டுமே என்ற வரி. அப்புறம் அவர் விட்டுச்சென்றது என்ன, அதிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும் எவ்வளவு போனது என்று ரசீதோடு எழுதி வையுங்கள். அந்தச் சொத்து எப்படிச் செலவானது என்று கோர்ட்டில் காட்ட முடியாவிட்டால், அந்த அளவுக்கு நீங்களே சொந்தமாகக் கட்ட வேண்டி வரும். பயந்துபோய் அவர் பேரில் இருந்த நிலத்தைத் தம்பி பேருக்கு மாற்றுவது போன்ற வேலையே வேண்டாம், கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று அதை ரத்து செய்ய முடியும்.

நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. "சும்மா ஒரு கடிதம் கொடும்மா, மெதுவா கட்டிக்கலாம்" என்று யாராவது தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கடிதமோ, பத்திரமோ, தேதி போடாத காசோலையோ எதிலும் கையெழுத்து போடாதீர்கள். இதுவரை உங்களுடையதாக இல்லாத கடன் அந்தக் கையெழுத்தில் உங்களுடையதாகிவிடக்கூடும், காசோலை திரும்பினால் கிரிமினல் வழக்கே வரும்.

கோர்ட் சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். தீர்ப்பாணையில் "இறந்தவரின் சொத்திலிருந்து மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும். நீங்கள் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி அந்த வரி விட்டுப்போனால், சரிசெய்ய மறுபடி அலைய வேண்டியிருக்கும். கடைசியில் அவர் சொத்திலிருந்து ஏதாவது கட்ட நேர்ந்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கட்டிய தொகையை அந்த நண்பரிடமிருந்து வசூலிக்க 145-வது பிரிவில் வாரிசுகளான உங்களுக்கு வழி இருக்கிறது, அவர் போனை எடுக்காவிட்டாலும் அவர்மீது வழக்குப் போடலாம்.