ஐந்நூறு ரூபாய்க்குள் கைப்பைகளை பீரோவில் ஒழுங்காக வைப்பது எப்படி?

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், இருப்பது ஒரே ஒரு ஸ்டீல் பீரோ, பைகள் இருபதுக்கு மேல், செலவு 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களோ என்று தோன்றியது. நான் இருப்பது சென்னையில், தரைத்தளத்து வீட்டில். சென்ற ஆண்டு இந்த வேலையை முடித்தபோது எனக்கு ஆன செலவு 340 ரூபாய்.

முதலில் ஒரு சோகக் கதை. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஆசையாக ஒரு மெரூன் நிறப் பை வாங்கினேன். ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். பிறகு அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே முடிச்சுப் போட்டு, பீரோவின் அடித்தட்டில் மூன்று வருடம் பொத்தி வைத்தேன். தங்கையின் வளைகாப்பு அன்று காலையில் எடுத்தால், கையெல்லாம் மெரூன் செதில். பூண்டு உரித்த தோல் மாதிரி உதிர்ந்து புடவை மடிப்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. கடைசியில் மஞ்சள் பையோடுதான் போனேன்.

நாம் 'லெதர் மாதிரி' என்று வாங்கும் பைகளில் பெரும்பாலானவை துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியவை. காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சிதைவு நிற்காது. மூடிக் கட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் ஈரமும் வெப்பமும் சேர்ந்து புழுங்கினால் இன்னும் மோசம். ஆகவே 'விசேஷத்துக்கு ஆகும்' என்று பூட்டி வைத்திருக்கும் பைகளை அடுத்த வாரமே கடைவீதிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நீங்கள் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அவற்றுக்கு வயதாகிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். ஒவ்வொரு பையின் உள்ளறையையும் தலைகீழாக உதறுங்கள். எனக்குக் கிடைத்தவை: நான்கு பேனா, ஒற்றைக் கம்மல், குங்குமப் பொட்டலம், ஒரு கிளச்சின் (கையில் பிடித்துக்கொள்ளும் சின்னத் தட்டைப் பை) ஜிப் அறைக்குள் இரண்டு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவோடு செல்லாமல் போனவை. அந்த வங்கி வரிசையில் கால்கடுக்க நின்றவள்தான் நானும். இந்த இரண்டு மட்டும் கண்ணில் படவே இல்லை.

உண்மையில் பீரோவை அடைத்துக்கொண்டிருந்தவை கைப்பைகளே அல்ல. கல்யாணங்களில் கொடுத்த தாம்பூலப் பைகள். எண்ணினால் நாற்பத்தொன்று! ஆறு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தெருமுனைக் காய்கறிக்கார அம்மாவிடம் கொடுத்தேன். 2019இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து 'பை இல்லையா, தாயி?' என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பவர். ஒரு ரூபாய் செலவில்லாமல் எனக்கு ஒரு தட்டு முழுவதும் காலியானது.

மிஞ்சிய பைகளை நிறவாரியாக அடுக்காதீர்கள், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். எதனால் செய்த பை என்று பார்த்துப் பிரியுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் பிசுபிசுத்து, ஒன்றின் நிறம் மற்றதில் ஏறிவிடும். கறுப்புக்குப் பக்கத்தில் வைத்த என் வெள்ளைப் பையின் முதுகில் இன்றும் சாம்பல் நிறத் திட்டு இருக்கிறது. இடையில் ஒரு துணி வையுங்கள். அசல் தோல் பைக்குக் காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்தாலே போதும். துணிப்பைகளை மடித்து ஒரு பெரிய பைக்குள் செருகிவிடலாம்.

கிளச், பர்ஸ் போன்ற தட்டையான சாமான்களுக்கு நான் கண்டுபிடித்த வழியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பாத்திரக் கடையில் தட்டு ஸ்டாண்ட் விற்கிறதே, சாப்பாட்டுத் தட்டுகளை நிறுத்தி வைக்கும் கம்பி ஸ்டாண்ட், அதில் ஒன்று 180 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு கிளச்சுகள் தோசைத் தட்டுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒன்றை உருவினால் மற்றது சரிவதில்லை. இதற்கென்றே இணையத்தில் விற்கும் அக்ரிலிக் தடுப்புகளின் விலையைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கம்பி ஸ்டாண்டைப் பாருங்கள், கண்ணுக்கு இன்னும் அழகாகத் தெரியும்.

தினமும் எடுக்கும் பைகளை பீரோவின் துணி மாட்டும் கம்பியிலேயே தொங்கவிடலாம். பாத்திரக் கடையில் கேட்டு எஸ் வடிவக் கொக்கி வாங்குங்கள். இரும்பு வேண்டாம், எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரே மாதத்தில் துருப்பிடித்துப் பட்டையில் கறை ஏறும். எவர்சில்வரில் ஒரு டஜன் 160 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு கொக்கியில் மாட்டினால் பை நம்மைப் பார்த்தபடி அகலமாகத் தொங்கி, கம்பி முழுவதையும் மூன்றே பைகள் பிடித்துக்கொள்ளும். ஒரு கொக்கியின் கீழே இன்னொரு கொக்கியைக் கோத்துப் பாருங்கள். சங்கிலிக் கண்ணி போல அடுத்த கொக்கி பக்கவாட்டில் திரும்பிவிடும். பையும் சட்டைகளைப் போலப் பக்கம் திரும்பித் தொங்கும். இப்படி என் பீரோவில் ஆறு பைகள் அடங்கின. உள்ளே சாமான் இருக்கும் பையை மட்டும் தொங்கவிடாதீர்கள், பட்டையின் தையல் விட்டுப்போகும்.

நின்று இருக்க வேண்டிய பைகள் துவண்டு மடியாமலிருக்க உள்ளே ஏதாவது அடைக்க வேண்டும். செய்தித்தாளை வைத்து நான் பட்டிருக்கிறேன். மை ஒட்டி வெளிர் நிற உள்துணி பாழானது. கிழிந்த வேட்டி, பழைய பனியன் போதும், முக்கால்வாசி நிரப்பினால் சரி. பை வெடிக்கும்படி அடைத்தால் ஜிப் பல்லிளிக்கும்.

ஈரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, "அரிசியை முடிச்சுக் கட்டிப் போடு, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்" என்றார் என் மாமியார். "சரி அத்தை" என்று போட்டேன். இரண்டாவது மாதம் தோல்பைக்குள் வண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அத்தை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுகிறேன். அவையும் ஓரளவு ஈரத்தை இழுத்ததும் நிறைந்துவிடும், ஆகவே அவ்வப்போது புதிதாக மாற்ற வேண்டும். அந்துருண்டையின் நாற்றம் பையில் ஏறினால் போகாது, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது நல்லதும் அல்ல. எனக்குப் பலன் தந்தது இரண்டுதான்: பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன், வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் மின்விசிறியை ஓடவிடுகிறேன். பூஞ்சை பூத்திருந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைத்தால் தோல் விறைத்து நிறமும் வெளுத்துவிடும்.

பல அறைகள் வைத்த தொங்கும் பிளாஸ்டிக் உறை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரிய பை அதில் நுழையாது, நுழையும் பை அதற்குள் வியர்க்கும்.

செதில் உதிர்ந்த அந்த மெரூன் பையின் சங்கிலி மட்டும் நன்றாக இருந்தது. தையல்காரரிடம் கொடுத்து, மிச்சம் வைத்த தாம்பூலப் பைகளில் ஜரிகை வைத்த ஒன்றில் கோத்து வாங்கினேன். தங்கை மகனின் முதல் பிறந்தநாளுக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போனேன். எங்கே வாங்கியது என்று மூன்று பேர் கேட்டார்கள்.